நாய்க்கு திடீர் வாந்தி, பேதியா? வீட்டிலேயே என்ன செய்யலாம்... எப்போது மருத்துவரிடம் ஓட வேண்டும்? முழு விவரம்

ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் பிரியாணி. "அது பாவமா பாக்குதுப்பா" என்று ஆளுக்கு ஒரு துண்டு கறி, கொஞ்சம் எலும்பு. தாத்தா தன் பங்குக்கு இரண்டு பிடி சோறு. ராத்திரி 2 மணிக்கு ஹாலில் சத்தம் கேட்டு எழுந்து பார்த்தால், சோபா ஓரம் வாந்தி, பால்கனி கதவருகே பேதி, நடுவில் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறது நாய்.

அந்த நேரத்தில் பெரும்பாலான கிளினிக்குகள் திறந்திருக்காது. மருந்து டப்பாவைத் திறந்து நமக்கு வாங்கிய மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுத்துவிடலாமா என்று தோன்றும். சிலர் "விடு, காலையில சரியாயிடும்" என்று படுத்துவிடுவார்கள். இதில் முதல் முடிவு எப்போதுமே ஆபத்து. இரண்டாவது முடிவு சில நேரம் சரி, சில நேரம் உயிருக்கே ஆபத்து. எது எப்போது என்று தெரிந்துகொள்வதுதான் விஷயம். அதைத்தான் இங்கே ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறோம்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இது மருத்துவருக்கு மாற்று அல்ல. வீட்டிலேயே சமாளிக்கக் கூடியது எது, கூடாதது எது என்று பிரித்துப் பார்க்க உதவும் வழிகாட்டி மட்டுமே.

முதல் 5 நிமிடத்தில் என்ன பார்க்க வேண்டும்?

துடைக்கும் துணியை எடுப்பதற்கு முன்பு நாயைப் பாருங்கள். கீழே சொல்வதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியம் பேச்சுக்கே இடமில்லை. நேராக மருத்துவர்தான்.

- 6 மாதத்துக்கும் குறைவான குட்டி, அல்லது தடுப்பூசி முழுதாகப் போடாத நாய்
- வயதான நாய், சினையாக இருக்கும் நாய், ஏற்கெனவே சர்க்கரை, கிட்னி, கல்லீரல் பிரச்சனை உள்ள நாய்
- வாந்தியிலோ மலத்திலோ ரத்தம், அல்லது மலம் தார் போல கறுப்பாக இருப்பது
- சில மணி நேரத்துக்குள் மூன்று நான்கு முறைக்கு மேல் வாந்தி, குடித்த தண்ணீரும் அப்படியே வெளியே வருவது
- வயிறு உப்பி, வாந்தி வருவது போல் ஓங்கரித்தும் எதுவும் வெளியே வராமல் தவிப்பது
- எழுந்து நிற்க முடியாத சோர்வு, தள்ளாட்டம், வலிப்பு
- ஈறு வெளிறி வெள்ளையாக, அல்லது மஞ்சளாக இருப்பது
- எலி மருந்து, பூச்சி மருந்து, மாத்திரை, சாக்லேட் போன்ற எதையாவது தின்றிருக்கலாம் என்ற சந்தேகம்
- வாந்தி தொடர்கிறது, ஆனால் மலம் போகவே இல்லை

இதில் எதுவும் இல்லை. நாய் வளர்ந்த நாய், தடுப்பூசி போட்டது, கூப்பிட்டால் வாலை ஆட்டுகிறது, தண்ணீர் குடிக்க ஆர்வம் காட்டுகிறது என்றால் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளலாம். இப்படிப்பட்ட வயிற்றுக் கோளாறு பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் தானாகவே அடங்கிவிடும்.

நீர்ச்சத்து குறைந்துவிட்டதா? வீட்டிலேயே கண்டுபிடிப்பது எப்படி?

வாந்தி, பேதியில் நாயை முதலில் வீழ்த்துவது உடலில் இருந்து வெளியேறும் தண்ணீரும் உப்புகளும்தான். ஒரு நாய்க்கு ஒரு நாளைக்குத் தேவைப்படும் தண்ணீர், ஒரு கிலோ எடைக்குச் சுமார் 50 முதல் 60 மில்லி. அதாவது 10 கிலோ நாய்க்கு அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல். பேதி போகும்போது இதைவிட அதிகம் தேவைப்படும். உடலில் தண்ணீர் போதுமான அளவு இருக்கிறதா என்று பார்க்க மூன்று எளிய சோதனைகள் இருக்கின்றன.

ஈறு சோதனை: மேல் உதட்டைத் தூக்கி ஈறைத் தொட்டுப் பாருங்கள். ஆரோக்கியமான ஈறு இளஞ்சிவப்பாக, ஈரமாக, வழுவழுப்பாக இருக்கும். விரலில் ஒட்டுவது போல் பிசுபிசுவென்றோ, வறண்டோ இருந்தால் நீர்ச்சத்து குறைகிறது என்று அர்த்தம். சில நாய்களுக்கு ஈறு இயல்பிலேயே கறுப்பு. அப்படியென்றால் கீழ் இமையை மெதுவாக இழுத்து உள்பக்க நிறத்தைப் பாருங்கள்.

அழுத்தும் சோதனை: ஈறில் விரலால் ஒரு அழுத்து அழுத்தி எடுங்கள். அந்த இடம் வெளுத்து, 2 நொடிக்குள் மறுபடி சிவப்பாக வேண்டும். அதற்கு மேல் நேரம் எடுத்தால் ரத்த ஓட்டம் சரியில்லை. உடனே கிளம்ப வேண்டியதுதான்.

தோல் சோதனை: தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ள தோலை மெதுவாகத் தூக்கி விடுங்கள். சட்டென்று பழையபடி படிய வேண்டும். கூடாரம் போல் நின்று மெதுவாக இறங்கினால் நல்ல அறிகுறி அல்ல. வயதான நாய்களுக்கும் ரொம்ப ஒல்லியான நாய்களுக்கும் தோல் இயல்பாகவே மெதுவாகத்தான் படியும் என்பதால், இந்த ஒன்றை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம்.

"மூக்கு ஈரமா இருக்கு, அப்போ ஒண்ணும் இல்ல" என்பது பலர் சொல்லும் கணக்கு. அதை நம்ப முடியாது. நோயுற்ற நாயின் மூக்கும் ஈரமாக இருக்கலாம், தூங்கி எழுந்த நல்ல நாயின் மூக்கும் காய்ந்திருக்கலாம். காய்ச்சலைத் தெரிந்துகொள்ள ஆசனவாயில் வைக்கும் தெர்மாமீட்டர்தான் சரியான வழி. நாயின் இயல்பான உடல் வெப்பம் நம்மைவிட அதிகம், சுமார் 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை. 103-ஐத் தாண்டினாலோ, 99-க்குக் கீழே இறங்கினாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள். நாய் கடிக்க வந்தால் இந்தச் சோதனையை விட்டுவிடலாம்.

மலம், வாந்தி சொல்லும் செய்தி என்ன?

முகம் சுளிக்காமல் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவருக்கு அது பெரிய உதவி.

கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, முக்கி முக்கி, சளி கலந்து போனால் பிரச்சனை பெரும்பாலும் பெருங்குடலில். இதில் கடைசியில் ஒரு சொட்டு சிவப்பு ரத்தம் வருவதும் உண்டு. ஒரு தடவைக்கே நிறைய, தண்ணீராக, கூடவே வாந்தி, எடை குறைவு என்றால் சிறுகுடலில் பிரச்சனை இருக்க வாய்ப்பு அதிகம். நீர்ச்சத்து வேகமாகக் குறைவது இந்த இரண்டாவது வகையில்தான்.

தார் போன்ற கறுப்பு மலம் என்றால் வயிற்றிலோ சிறுகுடலிலோ ரத்தம் கசிந்து செரிமானமாகி வருகிறது என்று பொருள். இரும்புச்சத்து டானிக் கொடுத்தாலும் மலம் கறுக்கும். அதனால் நாய்க்கு என்னென்ன மருந்து போகிறது என்பதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

காலையில் வெறும் வயிற்றில் மஞ்சள் நுரையாக ஒரு முறை வாந்தி எடுத்துவிட்டு, பிறகு ஜாலியாக ஓடினால் அது பித்தநீர். எப்போதாவது நடந்தால் பயமில்லை. இரவு உணவை இன்னும் கொஞ்சம் தாமதமாகக் கொடுத்தாலே பல நாய்களுக்கு இது நின்றுவிடும். புல் தின்பதும் பெரும்பாலான நாய்களின் சாதாரணப் பழக்கம்தான். அதை மட்டும் வைத்து வயிறு கெட்டுவிட்டது என்று முடிவு செய்ய முடியாது.

முதல் 12 மணி நேரம்: தண்ணீர் எப்படி, சாப்பாடு எப்படி?

"வயிறு சரியில்லையா, ஒரு நாள் முழுக்கப் பட்டினி போடு" என்பது பழைய அறிவுரை. இப்போது அப்படிச் சொல்வதில்லை.

வாந்தி இல்லாமல் பேதி மட்டும் என்றால் பட்டினி தேவையில்லை. குடலின் உள்சுவர் தன்னைச் சரிசெய்துகொள்ளவும் உணவுதான் வேண்டும். வழக்கமான உணவை நிறுத்திவிட்டு, அடுத்து சொல்லப்போகும் எளிய உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம்.

வாந்தியும் இருந்தால், வளர்ந்த நாய்க்கு 6 முதல் 12 மணி நேரம் உணவு இடைவெளி விடலாம். வயிறு ஓய்வெடுக்கும். ஆனால் குட்டிகளுக்கும், பொமரேனியன், சிவாவா போன்ற சின்ன உருவ நாய்களுக்கும் இந்த இடைவெளி கூடாது. அவற்றின் ரத்தத்தில் சர்க்கரை அளவு வேகமாகக் குறைந்து மயக்கம், வலிப்பு வரை போய்விடும்.

தண்ணீரை மட்டும் ஒருபோதும் ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. அதே நேரம் கிண்ணம் நிறைய வைத்தாலும் சிக்கல். தாகத்தில் மடமடவென்று குடித்து அப்படியே வாந்தி எடுக்கும். 10 கிலோ நாய்க்கு இரண்டு மூன்று டேபிள்ஸ்பூன் தண்ணீர், அரை மணி நேரத்துக்கு ஒரு முறை என்று தொடங்குங்கள். ஒரு ஐஸ் கட்டியை நக்க விடுவதும் நல்ல வழி. சில மணி நேரம் வாந்தி இல்லையென்றால் அளவைக் கூட்டலாம்.

சிரிஞ்சில் எடுத்து வாயில் பீய்ச்சாதீர்கள். வாந்தி எடுக்கும், சோர்ந்து கிடக்கும் நாய்க்கு அப்படிக் கொடுத்தால் தண்ணீர் நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம். தானாகக் குடிக்காத நாய்க்குத் தேவை ட்ரிப்ஸ். அதை மருத்துவமனையில்தான் ஏற்ற முடியும். மெடிக்கலில் வாங்கும் ஓஆர்எஸ் பவுடரைக் கொடுக்கலாமா, எவ்வளவு கொடுக்கலாம் என்பதை போனிலாவது மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இனிப்புச் சுவை சேர்த்த பாக்கெட் பானங்கள் வேண்டவே வேண்டாம்.

என்ன உணவு கொடுக்கலாம்? சமைப்பது எப்படி?

எலும்பும் தோலும் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி ஒரு பங்கு, குழைய வேகவைத்த வெள்ளைச் சோறு இரண்டு பங்கு. இதுதான் அடிப்படை. கறியை வெறும் தண்ணீரில் வேகவைத்து, மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்டு, நார் நாராகப் பிய்த்துச் சோற்றோடு பிசைய வேண்டும். உப்பு, மஞ்சள்தூள், மிளகு, எண்ணெய், நெய் எதுவும் கிடையாது. "சப்புன்னு இருக்குமே" என்று நமக்குத் தோன்றும். நாய்க்கு அந்த வருத்தம் இல்லை.

வீட்டில் அசைவம் சமைக்க மாட்டோம் என்பவர்கள் என்ன செய்வது? வேகவைத்த முட்டை வீட்டுக்குள் வரலாம் என்றால் கறிக்குப் பதில் அதைச் சேர்க்கலாம். அதுவும் இல்லையென்றால் கொழுப்பு குறைந்த பனீரைக் கொஞ்சம் உதிர்த்துக் கொடுக்கலாம். சோற்றுக்குப் பதிலாகத் தோல் நீக்கி மசித்த உருளைக்கிழங்கும் சரிதான்.

மஞ்சள் பூசணி, அதாவது பரங்கிக்காயை வேகவைத்து மசித்துச் சின்ன நாய்க்கு ஒரு டீஸ்பூன், பெரிய நாய்க்கு ஒன்று இரண்டு டேபிள்ஸ்பூன் சேர்க்கலாம். அதில் உள்ள நார்ச்சத்து மலம் கெட்டிப்பட உதவும்.

ஒரே வேளையில் நிறைய வைக்காமல், நாளைக்கு நான்கைந்து முறையாகப் பிரித்துக் கொடுங்கள். 10 கிலோ நாய்க்கு ஒரு வேளைக்கு மூன்று நான்கு டேபிள்ஸ்பூனில் ஆரம்பித்து, வயிறு ஏற்றுக்கொள்வதைப் பார்த்துக் கூட்டலாம். மலம் கெட்டியானதும் பழைய உணவுக்கு ஒரே நாளில் தாவக் கூடாது. முதல் நாள் கால் பங்கு பழைய உணவு, அடுத்த நாள் பாதி, அதற்கடுத்த நாள் முக்கால் பங்கு, பிறகு முழுதாக. பேதி நின்ற பிறகு ஒரு நாள் மலமே போகாவிட்டாலும் பதற வேண்டாம். சாப்பிட்டு, விளையாடிக்கொண்டு இருந்தால் அது சாதாரணம்.

கறியும் சோறும் மட்டும் என்பது நோய் நேரத்து உணவு. நாய்க்குத் தேவையான எல்லாச் சத்தும் அதில் இல்லை. ஒரு வாரத்துக்கு மேல் அதிலேயே ஓட்டக் கூடாது.

தயிர் சாதம் நல்லதா, கெட்டதா?

தமிழ்நாட்டு வீடுகளில் நாய்க்கு வயிறு சரியில்லை என்றால் முதலில் கைக்கு வருவது தயிர் சாதம்தான். கேள்விக்கு நேரான பதில்: எந்தத் தயிர் சாதம் என்பதைப் பொறுத்தது.

பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைப் பல வளர்ந்த நாய்களால் சரியாகச் செரிக்க முடியாது. அதனால் பேதி நேரத்தில் "தெம்பு வரட்டும்" என்று பால் கொடுத்தால் பேதி அதிகமாகத்தான் ஆகும். தயிரில் லாக்டோஸ் குறைவு. ஏற்கெனவே தயிர் சாப்பிட்டுப் பழகிய நாய் என்றால், புளிக்காத, உப்பில்லாத தயிர் ஒன்றிரண்டு ஸ்பூன் கலந்த குழைந்த சோறு கொடுப்பதில் தவறில்லை. வாந்தி நின்ற பிறகு மட்டும். இதுவரை தயிரையே பார்க்காத நாய்க்கு இந்த நேரத்தில் புதிதாகப் பழக்க வேண்டாம்.

ஆனால் நமக்குக் கலந்த தயிர் சாதத்தில் உப்பு, தாளித்த எண்ணெய், பெருங்காயம், பச்சை மிளகாய், சில வீடுகளில் சின்ன வெங்காயம், திராட்சை எல்லாம் இருக்கும். அதில் ஒரு கவளம்கூட வேண்டாம்.

கொடுக்கவே கூடாத மாத்திரைகள் எவை?

நள்ளிரவில் நடக்கும் தவறுகளில் மோசமானது மருந்து டப்பாவைத் திறப்பதுதான்.

பாராசிட்டமால்: நாயின் கல்லீரலையும் ரத்தச் சிவப்பணுக்களையும் பாதிக்கும். "காய்ச்சலா இருக்கு, கால் மாத்திரைதானே" என்று நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள்: வயிற்றில் புண், ரத்தக் கசிவு, கிட்னி செயலிழப்பு வரை கொண்டுபோகும்.

லோபராமைடு: நமக்குப் பேதியை நிறுத்தும் மாத்திரை. கிருமியோ விஷமோ வெளியேற வேண்டிய நேரத்தில் குடலை நிறுத்தி வைப்பது நல்லதல்ல. கோலி போன்ற சில இன நாய்களுக்கு மரபணுக் காரணத்தால் இந்த மருந்து மூளைக்குள் போய் நரம்புப் பாதிப்பை ஏற்படுத்தும்.

மெட்ரோனிடசோல்: "போன தடவை டாக்டர் எழுதுனது மீதி இருக்கு" என்று பலர் கொடுப்பது இதைத்தான். சாதாரண வயிற்றுக் கோளாறுக்குப் பெரும்பாலும் ஆன்டிபயாடிக் தேவைப்படுவதில்லை. அது குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்களையும் அழிக்கும். அளவு கூடினால் தள்ளாட்டம், வலிப்பு வரலாம்.

விளக்கெண்ணெய், உப்புக் கரைசல்: விளக்கெண்ணெய் பேதியை இன்னும் கூட்டும். வாந்தி எடுக்க வைக்க உப்புத் தண்ணீர் ஊற்றுவது ரத்தத்தில் சோடியத்தை ஏற்றி உயிரையே எடுக்கலாம். மண்ணெண்ணெய், ஆசிட் போன்றவற்றைக் குடித்த நாயை வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. ஏறி வரும்போது உணவுக்குழாயும் நுரையீரலும் வெந்துவிடும்.

"பூண்டு கொடுத்தா பூச்சி போயிடும்" என்பதும் தவறான நம்பிக்கை. பூண்டும் வெங்காயமும் நாய்க்கு விஷம் என்ற பட்டியலில்தான் வருகின்றன.

பிரச்சனை எங்கிருந்து வருகிறது?

பிரியாணிக்கே திரும்பி வருவோம். அதில் வில்லன் கறி அல்ல. கொழுப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு, சமைத்த எலும்பு, இந்த ஐந்தும்தான்.

வெங்காயம், பூண்டு பச்சையாக இருந்தாலும், வதக்கினாலும், பொடியாக இருந்தாலும் ஒன்றுதான். சிவப்பணுக்களை உடைத்து ரத்தசோகையை உண்டாக்கும். அறிகுறி சில நாள் கழித்துத் தெரிவதால், அன்றைக்கு நன்றாக இருந்தது என்று நாம் சம்பந்தப்படுத்தவே மாட்டோம். பிரியாணி போட்ட மூன்று நான்கு நாளில் ஈறு வெளிறி, சிறுநீர் பழுப்பாகப் போனால் இது நினைவுக்கு வர வேண்டும்.

திராட்சை, உலர் திராட்சை: கிட்னியைப் பாதிக்கும். எவ்வளவு தின்றால் ஆபத்து என்று ஒரு பாதுகாப்பான அளவு கிடையாது. பாயசம், கேசரி மிச்சத்தைக் கொட்டும் முன் இது ஞாபகம் இருக்கட்டும்.

சாக்லேட்: அதில் உள்ள தியோப்ரோமின் நாயின் இதயத்தையும் நரம்பையும் தாக்கும். கறுப்பு சாக்லேட் அதிக ஆபத்து.

சைலிட்டால்: சுகர் ஃப்ரீ சூயிங்கம், சில மிட்டாய்களில் இருக்கும் இனிப்பூட்டி. அரை மணி நேரத்திலேயே சர்க்கரை அளவை விழ வைத்துவிடும்.

சமைத்த எலும்பு: சில்லு சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கலாம், அடைக்கலாம்.

மாங்கொட்டையும் சோளத்தட்டையும்: சீசனில் இவை குடல் அடைப்புக்குக் காரணமாகும். விழுங்கிய நாய் முதல் நாள் சாதாரணமாக இருந்துவிட்டுப் பிறகு வாந்தி எடுக்க ஆரம்பிக்கும். இதற்குத் தீர்வு பெரும்பாலும் அறுவை சிகிச்சை. இதேபோல் ஆசனவாயில் நூல் தொங்கினால் இழுக்காதீர்கள். உள்ளே குடலையே அறுத்துவிடும்.

கொழுப்பு: எண்ணெய் மிதக்கும் குழம்பு, கறிக்கொழுப்பு கணைய அழற்சியைத் தூண்டும். முன்னங்கால்களைத் தரையில் நீட்டி, பின்பக்கத்தை மட்டும் உயர்த்தி, கும்பிடுவது போல அடிக்கடி நிற்கும் நாய்க்கு வயிற்று வலி இருக்கலாம்.

இவை தவிர குடற்புழு, உண்ணிக் காய்ச்சல், திடீரென்று மாற்றிய டாக் ஃபுட் எல்லாமும் காரணமாகலாம். மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரை நக்கும் நாய்க்கு எலிக்காய்ச்சல் வரலாம். வாந்தியோடு கண்ணும் ஈறும் மஞ்சளானால் சந்தேகிக்க வேண்டும். இது மனிதர்களுக்கும் பரவும். கத்திரி வெயிலில் மொட்டை மாடியிலோ பூட்டிய காரிலோ இருந்த நாய் மூச்சிரைத்து வாந்தி எடுத்தால் அது வயிற்றுக் கோளாறு அல்ல, வெப்பத் தாக்கு. சாதாரண தண்ணீரால் நனைத்து, ஃபேன் காற்றில் வைத்தபடியே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

பார்வோ: குட்டி வைத்திருப்பவர்கள் கட்டாயம் படிக்க வேண்டியது

1970-களின் கடைசியில் கண்டறியப்பட்ட பார்வோ வைரஸ், இன்றும் நாய்க்குட்டிகளை அதிகம் பலிவாங்கும் நோய்களில் ஒன்று. 6 வாரத்தில் இருந்து 6 மாதம் வரையிலான குட்டிகளுக்கு ஆபத்து அதிகம். முதலில் சோர்வும் சாப்பாட்டில் வெறுப்பும். பிறகு வாந்தி. அடுத்து, கடும் நாற்றத்தோடு ரத்தபேதி. வைரஸ் குடலின் உள்சுவரையும் வெள்ளை அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜையையும் சேர்த்து அடிக்கிறது. சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலான குட்டிகள் இறந்துவிடும். சீக்கிரமே கொண்டுபோய் ட்ரிப்ஸ், வாந்தி மருந்து, நோய்த்தொற்று மருந்து எல்லாம் கொடுத்தால் பெரும்பாலானவை பிழைக்கும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒன்றிரண்டு நாள்தான்.

இதை எழுதும் எனக்கு அந்தக் கணக்கு தெரியும். கல்லூரி படிக்கும்போது தெருவில் இருந்து தூக்கி வந்த மூன்று மாதக் குட்டி. முதல் நாள் சாப்பிடவில்லை. "இடம் புதுசு, அதான்" என்றோம். இரண்டாம் நாள் வாந்தி. தயிர் சாதம் பிசைந்து வைத்தோம். மூன்றாம் நாள் ரத்தமாகப் போன பிறகுதான் ஆட்டோ பிடித்தோம். மருத்துவர் திட்டவில்லை. "முதல் நாளே வந்திருக்கலாமேம்மா" என்று மட்டும் சொன்னார். குட்டி பிழைக்கவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரையில் "குட்டி என்றால் காத்திருக்காதீர்கள்" என்று திரும்பத் திரும்ப வருகிறது.

தடுப்பூசியை 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில், குட்டிக்கு 16 வாரம் ஆகும் வரை தொடர வேண்டும். ஒரு வருடம் கழித்து பூஸ்டர். "ஒரு ஊசி போட்டாச்சு" என்பது பாதுகாப்பு ஆகாது. தாயிடம் இருந்து வந்த எதிர்ப்புச் சக்தி முதல் ஊசியைச் செயலிழக்க வைக்கலாம் என்பதால்தான் மறுபடி மறுபடி போடுகிறார்கள்.

வீட்டைச் சுத்தம் செய்வது எப்படி?

பார்வோ வைரஸ் மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வழக்கமான பினாயில் அதைக் கொல்லும் என்று நம்ப முடியாது. முதலில் மலத்தை முழுதாக அகற்றிக் கழுவிவிட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, 10 நிமிடம் ஊறவிட்டுக் கழுவ வேண்டும். நாயையும் குழந்தைகளையும் அப்போது வேறு அறையில் வையுங்கள். பிளீச்சோடு ஆசிட்டையோ டாய்லெட் கிளீனரையோ கலக்காதீர்கள், விஷவாயு வரும்.

பார்வோ மனிதர்களுக்கு வராது. ஆனால் குடற்புழு, எலிக்காய்ச்சல் போன்றவை வரலாம். கையுறை போட்டுத் துடைத்து, சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். அந்த வாரம் குழந்தைகள் நாயின் வாயில் முத்தம் கொடுப்பதை நிறுத்தி வையுங்கள்.

பெரிய நாய் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை

கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்ட், டாபர்மேன் போன்ற ஆழமான மார்புள்ள பெரிய நாய்களுக்கு வயிறு காற்றால் உப்பி, அப்படியே முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. நாய் நிலைகொள்ளாமல் அலையும், எச்சில் ஒழுகும், ஓங்கரிக்கும், ஆனால் எதுவும் வராது. வயிறு தட்டினால் மேளம் போல் இருக்கும். இதற்கு ஜெலுசில், ஓமத் தண்ணீர் எதுவும் கிடையாது. சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். ராத்திரி எத்தனை மணியானாலும் திறந்திருக்கும் மருத்துவமனையைத் தேடி ஓடுங்கள்.

எத்தனை நாள் காத்திருக்கலாம்?

ஆரோக்கியமான வளர்ந்த நாய்க்கும் ஒரு கெடு இருக்கிறது. வாந்தி 24 மணி நேரத்தைத் தாண்டினாலோ, பேதி 48 மணி நேரத்தில் குறையாவிட்டாலோ, நின்று நின்று மறுபடி வந்தாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். இடையில் ரத்தமோ சோர்வோ தெரிந்தால் கெடுவெல்லாம் கிடையாது, அப்போதே கிளம்புங்கள்.

போகும்போது இவற்றை எடுத்துச் செல்லுங்கள்:

- வாந்தி, மலத்தின் போட்டோ. ஓங்கரிக்கும்போது எடுத்த வீடியோ
- எத்தனை மணிக்கு, எத்தனை முறை என்று போனில் குறித்த கணக்கு
- சுத்தமான டப்பாவில் அன்றைய மல மாதிரி
- தடுப்பூசி அட்டை, கடைசியாகப் பூச்சி மருந்து கொடுத்த தேதி
- ஏதாவது தின்றிருந்தால் அதன் பாக்கெட் அல்லது கவர்

என்ன தின்றது என்பதை மறைக்காதீர்கள். "வீட்டுச் சாப்பாடு மட்டும்தான் டாக்டர்" என்று சொல்லிவிட்டுப் பிறகு எக்ஸ்ரேயில் எலும்பு தெரிவதில் யாருக்கும் லாபமில்லை.

தனியார் கிளினிக் செலவு கட்டுப்படியாகாது என்றால், சென்னை வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், திருநெல்வேலி, தஞ்சாவூர் மாவட்டம் ஒரத்தநாடு ஆகிய ஊர்களிலும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் சிகிச்சைப் பிரிவுகளோடு இயங்குகின்றன. மற்ற ஊர்க்காரர்கள் அருகில் உள்ள அரசு கால்நடை மருந்தகத்தை அணுகலாம். ஆடு மாட்டுக்கு மட்டும்தான் என்று நினைத்து நாயைக் கொண்டுபோகத் தயங்குபவர்கள் நிறைய. தயங்க வேண்டாம்.

மறுபடி வராமல் இருக்க என்ன செய்யலாம்?

- டாக் ஃபுட்டை மாற்றும்போது ஒரு வாரம் எடுத்து, பழையதோடு கலந்து மெதுவாக மாற்றுங்கள்.
- குட்டிகளுக்கு மருத்துவர் சொல்லும் இடைவெளியில், வளர்ந்த நாய்க்குப் பொதுவாக 3 மாதத்துக்கு ஒரு முறை குடற்புழு நீக்க மருந்து கொடுங்கள்.
- வாக்கிங் போகும்போது குப்பைத் தொட்டி ஓரத்தைத் தவிருங்கள்.
- விருந்தாளிகள் வந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், "நாய்க்கு எதுவும் போடாதீங்க" என்று. கொஞ்சம் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

கடைசியாக ஒரு வேலை. உங்கள் பகுதியில் இரவிலும் போன் எடுக்கும் கால்நடை மருத்துவமனை எது என்று இன்று பகலிலேயே விசாரித்து, எண்ணை போனில் சேமித்து, ஒரு சீட்டில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவிலும் ஒட்டிவிடுங்கள். நள்ளிரவு 2 மணிக்கு, கையில் துணியோடு நின்றுகொண்டு தேடும் வேலை அது அல்ல.